வழி எத்தனை அடி? நிலம், வீடு மதிப்பீடு: வாசகர் கேள்வி–பதில்

மார்த்தாண்டத்துக்கு மேற்கே 8 சென்ட் மனை. சென்டுக்கு 6 லட்சம் என்று பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கால் மணி நேரம் நின்றார், படம் எடுத்தார், போய்விட்டார். அறிக்கையில் சென்டுக்கு 4½ லட்சம்தான். ரோட்டிலிருந்து 40 அடி நீளத்துக்கு 5 அடி வழி உண்டு என்று பிரமாணத்திலேயே (பத்திரத்திலேயே) இருக்கிறது. மனை ரோட்டைவிட 3 அடி பள்ளம், அதை நிரப்பிக்கொள்ளலாம். பிறகு எதற்குக் குறைத்தார்?
— வாசகர், மார்த்தாண்டம்

குறைந்ததற்கான இரண்டு காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மதிப்பீட்டாளரின் வேலை மனைக்கு வரும் முன்பே பாதி முடிந்திருக்கும். பிரமாண நகல், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நில அளவைப் படம்), வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்த விலை) எல்லாம் மேசையில் பார்த்தாகிவிடும். அதே சர்வே எண்ணிலும் பக்கத்து எண்களிலும் அண்மையில் பதிவான கிரயங்களை வில்லங்கச் சான்றில் தேடி எடுத்திருப்பார். பதிவான தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும் என்பதால், அந்த வட்டாரத்தில் முடிந்த விலையை இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே விசாரிப்பார். கேட்கிற விலை வேறு, முடிந்த விலை வேறு. தரகர் சொல்வது பெரும்பாலும் முதலாவது. நேரில் வருவது, காகிதத்தில் தெரியாததைப் பார்க்க. அதில் முதலில் கண் போவது வழிக்குத்தான்.

குமரி மாவட்டத்தில் வீடுகள் தெருத் தெருவாக இல்லை. விளைக்குள் விளையாக (விளை என்றால் தோட்ட நிலம்), தோப்புக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அதனால் இங்கே ஒரே சர்வே எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மனைகளின் விலை வழியால் மட்டுமே வெகுவாக மாறும். 5 அடி வழியில் பைக் போகும். கார் போகாது, டிப்பர் போகாது. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் ரோட்டில் இறங்கி அங்கிருந்து தலைச்சுமையாகப் போக வேண்டும். நாளை வங்கி அதை ஏலத்துக்கு விட்டாலும் கார் வைத்திருப்பவர் வாங்க வரமாட்டார்.

பள்ளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சென்ட் என்பது 3,485 சதுர அடி. 3 அடி உயர்த்த 10,455 கன அடி, அதாவது ஏறக்குறைய 105 யூனிட் மண் வேண்டும். 2 யூனிட் டிப்பரில் 52 லோடுக்கு மேல் வரும். மண் அமுங்குவதற்குக் கூடுதலாகவும் கொட்ட வேண்டும். அந்த டிப்பர் உங்கள் வழியில் நுழையாது என்பது தனிச் சங்கடம். நல்ல வழியுள்ள பக்கத்து மனை 6 லட்சத்துக்குப் போயிருந்தால், வழிக்காக 20 சதவீதம் கழித்து 4.80, பள்ளத்துக்காக இன்னும் 30 ஆயிரம் கழித்து 4.50 என்று அவர் வந்திருக்கலாம். இது ஊகம்தான். அறிக்கையில் ஒப்பீட்டுக் கிரயங்களும் கழிவுகளும் எழுதப்பட்டிருக்கும். வங்கியிடம் கேட்டுப் பாருங்கள்.

வங்கி ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததன் மேல்தான் கடன் தரும். ஆக 12 லட்ச வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். அதற்குப் பதில், வழியை 12 அடியாக்க முடியுமா என்று பக்கத்து நிலக்காரரிடம் பேசலாம். கூடுதலாகத் தேவை 7 அடி அகலம், 40 அடி நீளம். 280 சதுர அடி, முக்கால் சென்ட்கூட இல்லை. அவர் இரட்டிப்பு விலை கேட்டாலும் 7.70 லட்சம்தான். வழிக் கழிவு நீங்கினால் 8 சென்டுக்கும் சேர்த்து மதிப்பு 9.60 லட்சம் வரை ஏறும். ஆனால் வாய்ப்பேச்சாக விட்டால் பயனில்லை. கிரயமாகவோ வழிப் பாத்தியமாகவோ பதிவாக வேண்டும், புலப்படத்தில் உட்பிரிவாக ஏற வேண்டும்.

சானல் (பாசனக் கால்வாய்) கரை வழியாகப் போய்வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனந்தனார் சானலோ பட்டணங்காலோ, கரை அரசு நிலம். தலைமுறையாக வண்டி ஓடினாலும் அதை உங்கள் மனையின் வழி என்று மதிப்பீட்டாளர் எழுத முடியாது.

பிரமாணத்தில் 10 சென்ட். பட்டாவில் 0.04.05. தரகர் டேப் பிடித்து ஒன்பதரை சென்ட் என்றார். மதிப்பீட்டாளர் 9 சென்ட் என்று எழுதியிருக்கிறார். எது சரி?
— வாசகர், தக்கலை

பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும். 0.04.05 என்றால் 4.05 ஏர். ஓர் ஏர் 2.471 சென்ட், ஆகவே 10 சென்ட். பிரமாணமும் பட்டாவும் ஒத்துப்போகின்றன. தரையில்தான் குறைகிறது.

தரகர் எப்படி அளந்தார் என்று கேட்டால் புரிந்துவிடும். பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெருக்குவார்கள். நான்கு பக்கம் 60, 70, 50, 80 அடி என்று வைத்துக்கொள்வோம். 60-ம் 50-ம் சேர்ந்து சராசரி 55, 70-ம் 80-ம் சேர்ந்து 75. பெருக்கினால் 4,125 சதுர அடி, 9.47 சென்ட். மூலை மட்டமாக இருக்கும் மனைக்கே இந்தக் கணக்கு சரி. கோணல் மனைக்கு எப்போதும் கூடுதலாகவே காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. விற்கிறவர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சரியான முறை, ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிப்பது. அதே மனையில் மூலைவிட்டம் 80 அடி என்றால் 60–70–80 முக்கோணம் 2,033 சதுர அடி, 80–50–80 முக்கோணம் 1,900. மொத்தம் 3,933, அதாவது 9.03 சென்ட். டேப் அதே டேப்தான். கணக்கில் மட்டும் 0.44 சென்ட் வித்தியாசம். சென்ட் 4 லட்சம் என்றால் 1.76 லட்சம்.

பிரமாணம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதைத்தான் மதிப்பீட்டாளர் எடுப்பார். மீதி ஒரு சென்ட் எங்கே போயிற்று என்பது நில அளவையருக்கான கேள்வி. மழையில் இடிந்த கய்யாலையை (எல்லை மண்சுவரை) திரும்பக் கட்டும்போது தள்ளிக் கட்டியிருக்கலாம், வழிக்கு விட்டிருக்கலாம். எஃப்-லைன் (எல்லைக்கோடு) அளவைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துக் கல் போட்டுவிட்டுக் கிரயம் பேசுங்கள்.

குலசேகரம் பக்கம் 2 ஏக்கர் ரப்பர், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறோம். நிலத்துக்கு ஒரு விலை, மரத்துக்குத் தனி விலை என்கிறார் அண்ணன். சரியா?
— வாசகர், குலசேகரம்

சரிதான். ஒரே ஏக்கரில் மரத்தின் வயதைப் பொறுத்து மதிப்பு தலைகீழாக மாறும். ஆனால் நிலம் தனி, மரம் தனி என்று போட்டபிறகு, 'ஷீட்டிலும் ஒட்டுப்பாலிலும் இவ்வளவு வருமானம்' என்று மூன்றாவது தொகையைச் சேர்க்கக் கூடாது. மரத்தின் மதிப்பே அந்த வருமானம்தான். ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுகிற தவறு பாகப் பேச்சில் அடிக்கடி நடக்கிறது.

மரத்தை எண்ணுவதிலிருந்து தொடங்க வேண்டும். ஏக்கருக்கு 180 முதல் 200 வரை நட்டிருப்பார்கள், நிற்பது அத்தனை இருக்காது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மலையோரத் தோட்டங்களில் மரங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. சிலர் இடைவெளியில் புதுக்கன்று வைத்தார்கள், சிலர் அப்படியே விட்டார்கள். அதனால் பல தோட்டங்களில் இன்று இரு வேறு வயதுள்ள மரங்கள் கலந்து நிற்கின்றன. மொத்தமாக 'இத்தனை வயதுத் தோட்டம்' என்று எழுதினால் பிழையாகிவிடும்.

அடுத்தது சுற்றளவு. ஒட்டுக்கன்றுத் தோட்டத்தில், ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவை 70 சதவீத மரங்கள் எட்டினால்தான் பால்வெட்டத் தொடங்கலாம். அதற்கு 7 ஆண்டு ஆகும். அதற்கு முன்பே வெட்டிய தோட்டத்தில் மரம் பருக்காது, பால் குறையும், மதிப்பும் குறையும்.

அப்புறம் பட்டை. மரத்தின் ஒரு பாதியை ஒன்றுவிட்ட நாள் வெட்டினால் ஐந்தாறு ஆண்டில் அந்தப் பாதி முடியும், பிறகு மறுபாதி. இந்த இரண்டும் முதல் பட்டை. அது முடிந்தபின் முதலில் வெட்டிய பக்கத்தில் வளர்ந்த புதுப்பட்டைக்குத் திரும்புவார்கள். மதிப்பீட்டாளர் மரத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் வெட்டு ஓடுகிறது, புதுப்பட்டை வழவழப்பாக வந்திருக்கிறதா, கத்தி ஆழப்பட்டு முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது இதற்குத்தான். நன்றாக வெட்டிய 15 வயது மரத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வருமானம் உண்டு. காயப்பட்ட அதே வயது மரத்துக்கு இல்லை. பட்டை வறண்டு பால் நின்ற மரங்களைத் தனியே எண்ணி, தடி விலைக்கு மட்டும் சேர்க்க வேண்டும். ஏணி வைத்து மேல்பட்டையில் வெட்டு நடக்கிறது என்றால் தோட்டம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அங்கே தடியின் மதிப்பே பெரிது, தடியை ஏற்ற லாரி உள்ளே வருமா என்பதும் கணக்கில் வரும்.

பாகம் பிரிக்கும்போது ஏக்கரைச் சரிபாதியாக வெட்டுவதைவிட, நிலம், மரம், வழி மூன்றையும் மதிப்பிட்டு ஒருவருக்கு நில அளவு கூடினால் மற்றவருக்குத் தொகையில் ஈடு செய்வது நல்லது. மலையோரக் கிராமமென்றால், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளதா என்பதையும் பாருங்கள். பட்டியலில் இருந்தால், குழுமத்தின் அனுமதி இல்லாமல் 'நாளைக்கு மனை போட்டால் இவ்வளவு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

குளச்சலில் 20 வருடப் பழைய கான்கிரீட் வீடு, 1,200 சதுர அடி. நாகர்கோவிலில் அதே வயது, அதே அளவு வீட்டுக்குப் போட்டதைவிட எங்கள் கட்டடத்துக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.
— வாசகர், குளச்சல்

முதலில் பொதுக் கணக்கு. கான்கிரீட் வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைப்பது வழக்கம். இன்று அதே வீட்டைக் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால் 24 லட்சம். 90-ஐ 60-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம், 20 ஆண்டுக்கு 30 சதவீதத் தேய்மானம். மிஞ்சுவது 16.80 லட்சம்.

கடலோரத்தில் இந்த 60 ஆண்டு அப்படியே பொருந்தாது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிடப் பருமனானது, அது மேலே மூடியிருக்கும் சிமெண்டைத் தள்ளி உடைக்கும். தளத்தின் அடியில் கம்பி ஓடுகிற நேருக்கு நீளமான விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் ஓசை, இவைதான் அடையாளம். சன்ஷேடு, பால்கனி விளிம்பு, கழிவறை மேல்தளம் மூன்றிலும் முதலில் தெரியும். கட்டும்போது கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைக்காமல் ஜல்லியைச் சொருகியிருந்தாலோ, கடல் மணல் கலந்திருந்தாலோ 15 ஆண்டிலேயே வந்துவிடும். இப்படி இருந்தால் மிச்ச ஆயுளை 40-லிருந்து 20 ஆண்டாகக் கூடக் குறைப்பார்கள்.

விரிசலின் மேல் பூசி வெள்ளையடித்துவிட்டு மதிப்பீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். மற்ற அறையெல்லாம் பழைய பெயின்டாக இருக்க, ஒரு தளம் மட்டும் புதிதாக இருந்தால் அங்கேதான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள்.

கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கேள்வியும் வரும். கட்டியபோது அனுமதி இருந்ததா என்பதற்கான காகிதம் கையில் இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பின் கட்டித் தரப்பட்ட வீடென்றால், ஒதுக்கீட்டு ஆணையில் விற்கவோ அடமானம் வைக்கவோ தடை உண்டா என்று முதலில் படியுங்கள்.

நஞ்சையை நிரப்பிக் கட்டிய வீடு வாங்கலாமா?
— வாசகர், பூதப்பாண்டி

கட்டட அனுமதி முறையாக இருந்தால், நிரப்பிய மண் எத்தனை அடி, அஸ்திவாரம் பழைய கெட்டி மண்ணைத் தொட்டதா என்று கேளுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். கதவு தரையில் உரசினால் அதுவும் அப்படியே. மழை ஓய்ந்த மாதத்தில் மட்டும் பார்க்காதீர்கள். இந்த மாவட்டத்துக்கு ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை. 2021 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சுவரிலேயே காட்டுவார்கள். பட்டாவில் இன்னும் நஞ்சை என்றே இருந்து அனுமதியும் இல்லையென்றால் வங்கி தொடாது.

வடசேரியில் தாத்தா காலத்துச் சொத்தை விற்கிறோம். 2001 மதிப்பு வேண்டும் என்கிறார் ஆடிட்டர். இன்று வந்து பார்ப்பவர் 2001 விலையை எப்படிச் சொல்வார்?
— வாசகர், நாகர்கோவில்

2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்துக்கு வந்த சொத்துக்கு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். மதிப்பீட்டாளர் 2000, 2001-ல் பதிவான கிரயங்களைச் சான்றிட்ட நகலாக எடுத்து அதிலிருந்து வருவார். அன்றைய ரோடு, அன்றைய கட்டடம்தான் கணக்கு. பிறகு வந்த கடைத்தெருவைச் சேர்க்க முடியாது. அந்தத் தேதிக்கு வழிகாட்டி மதிப்பு இருந்தால் அதைத் தாண்டவும் முடியாது. இந்த வரம்பு 2020 நிதிச் சட்டத்தில் வந்தது, பழைய அறிக்கையைத் தூசி தட்டிக் கொண்டுபோகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2024 ஜூலை 23-க்கு முன் கிடைத்த நிலம், வீட்டுக்கு, 12.5 சதவீத வரியா, பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதமா என்று குறைந்ததைப் பார்த்துக் கட்டும் வசதி உண்டு. 2001 மதிப்பு 5 லட்சம் என்றால், 2025–26-ன் குறியீடு 376-ன்படி அது 18.80 லட்சமாகும். இந்த வசதி இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. பங்குதாரர்களில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால் அவர் பங்குக்குத் தனிக்கணக்கு.

சிவில் படித்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் ஆக ஆசை. ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?
— வாசகர், திருவட்டார்

பட்டம் பெற்றபின் 5 ஆண்டு அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் 50 மணி நேரப் பயிற்சி, பிறகு நிலம்–கட்டடப் பிரிவில் கணினித் தேர்வு. 60 சதவீதம் வேண்டும், தப்பான விடைக்கு மதிப்பெண் கழியும். தேறியபின் ஐ.பி.பி.ஐ.யில் (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) பதிவு. வங்கிகளின் பட்டியலில் இடம்பிடிப்பது தனி வேலை. அதுவரை மூத்தவர் ஒருவரிடம் டேப் பிடிப்பதுதான் நல்ல பள்ளிக்கூடம்.

காலையில் வங்கியிலிருந்து வந்த காகிதங்களைப் படிப்பது, ஒரே திசையில் உள்ளவற்றைச் சேர்ப்பது. அருமனைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் ஒரே நாளில் ஓடினால் ரோட்டிலேயே பொழுது போய்விடும். மூன்று இடம் பார்த்தால் அன்றைக்குச் சரி. பையில் லேசர் மீட்டர், 30 மீட்டர் டேப், புலப்பட நகல், திசைகாட்டி, ஒரு சிறு சுத்தியல், தேதியும் இருப்பிடமும் பதியும் கேமரா. லேசர் வெயிலில் வெளிச்சுவருக்கு உதவாது, டேப் தேவைப்படும். மாலையில் அறிக்கை. அன்றே எழுதாவிட்டால் எந்த வீட்டுக்கு எந்தப் படம் என்று குழம்பும்.

இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து குறைத்தோ கூட்டியோ போடுவதுகூட இல்லை. வேறொரு மனையைக் காட்டிவிடுவது. ரோட்டோர மனையைக் காட்டி, உள்ளே இருக்கும் மனையின் காகிதத்தைக் கொடுப்பார்கள். சில நேரம் வாரிசுகளுக்கே எது தங்கள் விளை என்று தெரியாது. அதனால் சொத்துக்காரர் சொல்வதோடு நிற்காமல், பிரமாணத்தின் நான்கெல்லையைப் படித்து, கிழக்கே உள்ள வீட்டில் போய்ப் பெயர் கேட்க வேண்டும். வீடென்றால் மின் இணைப்பு எண்ணையும் வரி ரசீதின் கதவு எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குமரி தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பருக்கு முந்திய மூலப் பிரமாணங்கள் பல மலையாளத்தில் இருக்கும், சர்வே எண்ணும் பழையது. படிக்கத் தெரிந்த ஆவண எழுத்தர் ஒருவரைப் பழக்கத்தில் வைத்திருங்கள். உரிமை சரியா என்று சொல்வது வங்கி வக்கீலின் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் சுவருக்கு வயது முடிந்திருந்தாலும் தட்டும் உத்திரமும் தேக்கிலோ அயனியிலோ இருக்கும். அதைக் கன அடியில் அளந்து பிரிப்புக் கூலி கழித்து எழுத வேண்டும். சதுர அடிக் கணக்கு அங்கே உதவாது.

படிப்புக் கடனுக்குச் சொத்து காட்ட வேண்டும். 'கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், ஃபீஸ் கூடுதலாகத் தருகிறோம்' என்று கேட்கலாமா?
— வாசகர், கருங்கல்

கேட்காதீர்கள். மதிப்போடு ஏறி இறங்கும் கூலியை வாங்க அவருக்கு அனுமதி இல்லை. கடன் வாராக்கடனானால் வங்கி முதலில் எடுப்பது அந்த அறிக்கையைத்தான், கையெழுத்துப் போட்டவர் பட்டியலிலிருந்தே போய்விடுவார். ஒரே சொத்துக்குச் சில மாத இடைவெளியில் இரண்டு வங்கியில் இரண்டு மதிப்பு வந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

மதிப்பு நியாயமாக ஏறக்கூடிய வேலைகளை முன்கூட்டியே செய்யலாம். தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், மாடியில் கட்டிய அறைக்கு வரி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், கட்டட அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியைப் பல வங்கிகள் மதிப்பில் சேர்ப்பதில்லை. மதிப்பீட்டாளர் வரும் நாளில் கிணறு, மோட்டார், சுற்றுச்சுவர், கேட் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூலைக்கற்களை மூடிய புதரை முந்தின நாளே வெட்டி, கல் தெரியும்படி வையுங்கள்.